நான் போடாத மோட்டார்

என் தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் அவனுடைய நாலாவது வயதில் எங்கள் தறிப்பட்டறையில் போயின. அப்போது எனக்கு ஏழு வயது. அந்த விரல்கள் போனது என்னால்தான் என்பதைப் போன வருடம் வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எனக்கு எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. குமாரபாளையத்தில் வீட்டை ஒட்டியே பட்டறை. நாலு தறி. மே மாத வெயிலில் தகரக் கூரை காய்ந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டு நேரம் என்பதால் தறிகள் நின்றுவிட்டன. வாசலை ஒட்டிய சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பச்சைப் பட்டன், ஒரு சிவப்புப் பட்டன். நூல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, சும்மா விளையாட்டுக்குப் பச்சைப் பட்டனை அழுத்துகிறேன். மோட்டார் உறுமுகிறது. தறிக்கு அந்தப் பக்கம் தம்பி அலறுகிறான். அப்பா நீலத் துண்டைச் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். எண்ணெய் நாற்றம் வருகிறது. பட்டனின் வழவழப்பு கூட என் ஆள்காட்டி விரலில் இருந்தது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளைகள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். வெளியாட்கள் யாராவது எடுத்தாலும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். யாரும் பார்க்கவில்லை, தப்பித்தேன் என்று முதலில் ஒரு நிம்மதி. அது எத்தனை நாள் இருந்தது என்று தெரியாது. அதன்பிறகு தம்பியின் கை கண்ணில் பட்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவனுடைய வீட்டுப்பாடம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் நான்தான் எழுதினேன். பத்தாம் வகுப்பு அறிவியல் படங்களைக் கூட வரைந்து கொடுத்தேன். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை வந்தது. அந்த நேரம் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் சென்னைக்குப் போகவில்லை. மூன்றாவதாக இராசிபுரத்தில் ஒரு பெண் வீட்டுக்கு நான் முன்னதாகவே தனியாகப் போய், கை இப்படித்தான், ஆனால் அந்தக் கையால் அவன் செய்யாத வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்தான் இப்போது அவன் மனைவி.

இன்னொன்றும் உண்டு. நான் மோட்டார் போட மாட்டேன். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், கிரைண்டர் ஓட்டவும் கணவரைத்தான் கூப்பிடுவேன். எனக்கு ஷாக் பயம் என்று அவர் நினைத்திருந்தார். என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். தம்பி ஏதோ தறி ரிப்பேர் என்று இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான். மாமியார் வீட்டு ஆட்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவனைப் பார்த்துச் சிரித்து, "வா தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவனிடம் ஒரு நாளும் நான் கோபப்பட்டதில்லை. எங்கள் சொந்தத்தில் அக்கா தம்பி என்றால் எங்களைத்தான் காட்டுவார்கள்.

இத்தனைக்கும் நான் உளவியல் சொல்லிக் கொடுப்பவள். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில், ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்குக் கல்வி உளவியல் எடுக்கிறேன். நினைவு என்ற பாடம் வரும்போது வருடா வருடம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். சில சொற்களை நிதானமாகப் படிப்பேன்: கட்டில், தலையணை, போர்வை, கொட்டாவி, பாய், களைப்பு, கனவு, குறட்டை, தாலாட்டு. இரண்டு நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொல்வேன். வகுப்பில் பாதிப் பேராவது 'தூக்கம்' என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை நான் சொல்லியே இருக்க மாட்டேன். மற்ற சொற்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருப்பதால், மனம் தானாகவே அதைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

போன வருடம் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து நின்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றாள்.

"நீங்க சொன்னீங்க மேடம். குறட்டைக்கு அடுத்து சொன்னீங்க. உங்க குரல்லயே கேட்டேன்."

நான் படித்த தாளை அவளிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தாள். சிரித்தாள், ஆனால் முகத்தில் கலவரம் போகவில்லை.

"அப்ப மேடம், நமக்கு நடந்துச்சுன்னு நம்ம உறுதியா நினைக்கிறது நடக்காமயே கூட இருக்கலாமா?"

"இருக்கலாம். எவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்குங்கறதும், அது உண்மையாங்கறதும் வேற வேற," என்றேன். நினைவு எங்கேயும் படமாகச் சேமித்து வைக்கப்படுவதில்லை, ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் கையில் கிடைத்த துண்டுகளை வைத்து மனம் அதைப் புதிதாகச் செய்கிறது, இடையில் ஓட்டை இருந்தால் பொருத்தமானதைப் போட்டு அடைத்துவிடுகிறது என்று விளக்கினேன். பதினோரு வருடமாகச் சொல்லும் அதே வாக்கியங்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னது காதில் இருந்தது. உங்க குரல்லயே கேட்டேன். என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டேன். உடனே என்னையே திட்டிக்கொண்டேன். செய்த தப்பிலிருந்து நழுவ இப்படி ஒரு வழியா என்று தோன்றியது. பாடத்தில் உள்ள மனிதர்களுக்கு அப்படி நடக்கும். எனக்கு நடந்தது உண்மை. அன்று அப்படித்தான் முடிவு செய்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, தம்பி பழைய தறிகளை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் கட்டிய புதுப் பட்டறையில் இரண்டு புது ஆட்டோ தறி போட்டான். வெள்ளிக்கிழமை காலை பூஜைக்கு வரச் சொன்னான். வேலை செய்கிற ஆட்கள், தம்பியின் மனைவி, அம்மா, நான், அவ்வளவுதான் கூட்டம். அப்பா இப்போது இல்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடிந்தது. தம்பி மஞ்சள் குங்குமம் வைத்த பட்டனைக் காட்டி என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ போடு."

"அம்மா போடட்டும்."

"அம்மா சொல்லித்தான் உன்னக் கூப்புடறேன். வாக்கா, நல்ல நேரம் போயிரும்."

நான் இரண்டு அடி வைத்தேன். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. உள்ளே சில நிமிடத்தில் தறி ஓடும் சத்தம் கேட்டது. அம்மாவைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி வெளியே வந்தான்.

"என்னக்கா ஆச்சு? ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினையா? மச்சான் ஏதாச்சும் சொன்னாரா?"

முப்பத்தைந்து வருடம் வராத வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. "உன்ற கை என்னாலதான்டா போச்சு. நாந்தான் அன்னிக்கு மோட்டாரைப் போட்டேன்," என்றேன். கூடை மேல் ஏறியது, பச்சைப் பட்டன், அப்பாவின் நீலத் துண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் அந்த மூன்று விரலால் தாடையைச் சொறிந்தான்.

"எந்தப் பச்சைப் பட்டன்?"

"நம்ம பழைய பட்டறைல. வாசலுக்குப் பக்கத்துல, செவுத்துல."

"அக்கா, அந்த ஸ்டார்ட்டரே எனக்கு அடிபட்டதுக்குப் பொறகு அப்பா மாட்டுனது. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு வேணா ஓடி வந்து சிவப்பை அமுத்தோணும்னுதான் அத்தன கீழ வெச்சாரு. அதுக்கு முன்னாடி மெயின் பெட்டிதான். பெரிய இரும்புப் பிடி. அப்பாவே எட்டித்தான் போடுவாரு. வா, காட்டறேன்."

கையைப் பிடித்துப் பழைய பட்டறைக்குள் இழுத்துப் போனான். இப்போது அங்கே நூல் மூட்டைகள்தான் கிடக்கின்றன. கதவுக்கு மேலே, என் தலைக்கும் மேலே, துருப்பிடித்த பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. ஒயரை எப்போதோ வெட்டி விட்டிருந்தார்கள். நான் கையை நீட்டினேன். இப்போதும் நுனிவிரல்தான் அதன் அடியைத் தொட்டது. இத்தனை வருடம் அந்தக் கதவு வழியாகப் போய் வந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இன்னொன்னு கேட்டுக்க," என்றான் தம்பி. "நீ அன்னிக்கு ஊட்டுலயே..."

"நிறுத்து," என்றேன். "சொல்லாதே. அம்மாகிட்டயும் எதையும் சொல்லாதே."

அந்த நிலையிலும் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்டால் அந்தப் பதில்தான் வரும். 'நான் அன்று ஊரில் இல்லை, இல்லையா?' என்று கேட்டால் அம்மா ஆமாம் என்றுதான் சொல்வாள், மகள் அழுவதைப் பார்த்தபிறகு கட்டாயம் சொல்வாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டேன்.

"அம்மா, தம்பிக்குக் கைல அடிபட்ட அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "நீ எங்க இங்க இருந்த? லீவுக்கு வேலூர்ல உன்ற சித்தி ஊட்டுல இருந்த. நாலு நாள் கழிச்சு சித்திதான் கூட்டியாந்து உட்டா. ஏஞ்சாமி, இப்ப எதுக்கு அது?"

சித்தி இப்போதும் பரமத்தி வேலூரில்தான் இருக்கிறாள். அம்மாவைப் பேச விடாமல், தம்பியிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டேன்.

"என்ற ஊட்டுலதான் கண்ணு இருந்த," என்றாள் சித்தி. "பக்கத்துக் கடைக்குப் போன் வந்துச்சு. உனக்கு ஒண்ணும் சொல்லல. பஸ் ஏறினதுக்கப்புறந்தான் சொன்னேன். சொன்னது தப்பாப் போச்சு, குமாரபாளையம் வர்ற மட்டும் ஒரே கேள்வி. மோட்டாரை யாரு சித்தி போட்டாங்க, மோட்டாரை யாரு போட்டாங்கன்னு. எனக்கே அழுகாச்சி. 'யாரோ தெரியாமப் போட்டுட்டாங்க, உடு சாமி'ன்னு சொல்லி ஒரு முறுக்கு வாங்கிக் குடுத்தேன்."

பஸ்ஸில் சித்தி அழுதது எனக்கு நினைவிருந்தது. கையில் முறுக்கு இருந்ததும் நினைவிருந்தது. சித்தப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த ஏதோ ஒரு பயணம் அது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரே வாரத்தின் இரண்டு நினைவுகளும் எனக்குள் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது என்பதை நான் சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை.

அம்மாவும் சித்தியும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், நடந்தது இதுதான். காலையிலிருந்து தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் புதிதாகப் போடவில்லை. அம்மா இடுப்பிலிருந்த தம்பியை இறக்கி விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்பா அடுத்த தறியில் அறுந்த நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். தம்பி சுற்றுகிற பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். நீலத் துண்டு நிஜம்தான், நான் திரும்பி வந்தபோது கொடியில் அலசிப் போட்டிருந்ததாம், கறை போகவில்லையாம். அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்வதற்கு முன், வந்து போகிறவர்களிடமெல்லாம் அம்மா சொன்னதை மூலையில் நின்று கேட்டிருப்பேன். யாரோ போட்டுவிட்டார்கள் என்று சித்தி வேறு சொல்லிவிட்டாள். அந்த யாரோ யார் என்று தேடித் தேடி, அடுத்த மாதம் மாட்டிய பட்டனின் முன்னால் என்னையே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். காரணமே இல்லாமல் ஒரு கெட்டது நடந்தது என்பதை மனத்தால் தாங்க முடிவதில்லை. குழந்தைகள், யாரும் கிடைக்காவிட்டால் தங்களையே எடுத்துக்கொள்வார்கள். இதையும் நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்கப்பா 'நாந்தேன் பாக்காம உட்டுட்டேன்'னாரு. நான் 'நாந்தேன் எறக்கி உட்டேன்'னேன். நீங்க தூங்குனதுக்கப்புறம் ஒரு வருசம் இதே சண்டை. பேசிப் பேசி ஓஞ்சு போச்சு. நீ ஏஞ்சாமி வாயவே தொறக்கல?"

"எனக்கு என்ன ஞாபகம்னா," என்றான் தம்பி, "ஆஸ்பத்திரில சேமியா ஐஸ் வாங்கிக் குடுத்தீங்க."

"ஐஸா? நீ ரெண்டு நாள் மயக்கத்துல கெடந்த. தண்ணியே குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க," என்றாள் அம்மா.

"இல்லம்மா. ரோஸ் கலர் ஐஸு. நல்லா ஞாபகமிருக்குது."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. தம்பியின் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, அழுதுகொண்டிருந்தவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று பயந்துபோய் நின்றாள். அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட இடத்திலேயே பாயை விரித்துப் படுத்தவள், நாலரை மணிக்குத் தம்பி மனைவி காப்பியோடு எழுப்பியபோதுதான் விழித்தேன். பக்கத்திலேயே இரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவே இல்லை.

பஸ் ஏற்றிவிடத் தம்பி வண்டியில் கூட்டிப் போனான். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அப்ப என்ற ரெக்கார்டு நோட்டெல்லாம் எழுதுனது, இராசிபுரத்துக்குப் போய்ப் பேசுனது, எல்லாம் அதுக்குத்தானா?"

முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அது உறைத்தது. நான் இறக்கி வைத்த பாரத்தின் மறுமுனை அவன் கையில் இருந்திருக்கிறது. தன்மேல் இருந்த பாசம் என்று அவன் எண்ணியிருந்ததற்கு இப்போது வேறு கணக்கு இருப்பதாகத் தெரிகிறது.

உடனே 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று இன்னொரு பொய்யான நிச்சயம் வேண்டாம் என்று தோன்றியது. நாம் ஏன் ஒன்றைச் செய்தோம் என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. செய்து முடித்த பிறகு ஒரு காரணத்தை எடுத்து ஒட்டிக்கொள்கிறோம்.

"தெரியலடா," என்றேன். "பாதி அதுக்காக இருக்கும். பாதி நீ என்ற தம்பிங்கறதுக்காக. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

அவன் வண்டிச் சாவியைத் திருகினான். பிறகு, "எழுதறதுக்கு மூணு வெரலே போதும்க்கா," என்றான். "நான் நல்லாவே எழுதுவேன். நீ எழுதறேன்னியேன்னு உட்டுட்டேன்."

"படம்?"

"படமும் வரைவேன். சோம்பேறித்தனம்."

திருச்செங்கோடு பஸ் வந்துவிட்டது. அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு ஏறினேன்.

அந்த நினைவு போய்விட்டதா என்றால், இல்லை. இப்போதும் கூடை, பட்டன், உறுமல் எல்லாம் அதே வெளிச்சத்தில் வரும். பொய் என்று தெரிந்ததால் அது மங்கிவிடவில்லை. வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். முன்பு போலத் தம்பியின் கையைக் கண்டதும் திரும்பிக்கொள்வதில்லை. வகுப்பில் அந்தப் பாடத்தை இந்த வருடம் எடுத்தபோது, சொற்களைப் படித்து முடித்த பின், எனக்கு நடந்ததையும் பெயர் சொல்லாமல் சொன்னேன். வகுப்பு முடிந்து இரண்டு பேர் தனியாக வந்து என்னிடம் பேசினார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

தை மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆர்டர் இருக்கிறது, ஆள் வரவில்லை என்று தம்பி மூன்று தடவை தள்ளிப் போட்டான். நாலாவது தடவை போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

"உனக்குத் தறி முக்கியமா, அம்மா கண்ணு முக்கியமா? காதுகுத்துக்கும் இப்படித்தான்டா வந்த!"

"பன்னெண்டு வருசம் கழிச்சா அதைக் கேக்கற?" என்று அவனும் கத்தினான். "அவ்வளவு அக்கறை இருந்தா நீ லீவு போட்டுட்டு வந்து கூட்டிப் போக வேண்டியதுதானே!"

போனை அவன் வைத்தானா நான் வைத்தேனா தெரியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் தம்பியோடு போட்ட முதல் சண்டை அது. எனக்கு மூச்சு வாங்கியது. உடம்பு சூடாக இருந்தது. ஆனால் மனத்தில் ஒரு பயமும் இல்லை. மறுநாள் நான் லீவு போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால், அவன் எனக்கு முன்னால் வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள். பத்து நாள் அவள் யார் வீட்டில் இருப்பது என்பதில் இப்போது அடுத்த சண்டை. தறிச் சத்தத்தில் அம்மா எப்படித் தூங்குவாள் என்று நான் கேட்கிறேன். அந்தச் சத்தம் இல்லாமல்தான் அவளுக்குத் தூக்கம் வராது என்று அவன் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.